நாலு சுற்றுக் கம்பி

ஓசூர்
9 ஜனவரி 2025

அக்காவுக்கு,

பிரித்துப் பார்க்காமல் இதை அடுப்பில் போட்டுவிடாதே. செந்தில்தான் எழுதுகிறேன். என் நம்பரை உன் போனில் நிறுத்தி வைத்திருக்கிறாய். வேறு யார் போனிலிருந்தாவது கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். பள்ளிக்கூடத்து லீவ் லெட்டருக்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது.

மச்சானின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் வந்திருந்தேன். காலை ஏழு மணிக்கே குடவாசல் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டேன். கையில் உனக்கான கோடிப் புடவை இருந்தது. அப்பா அம்மா இல்லாத வீட்டிலிருந்து அதைக் கொண்டுவர என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? டிராக்டர் சேக் தாவூது அண்ணன் பைக்கில் வந்து பக்கத்தில் நிறுத்தினார். மச்சானின் கூட்டாளி, என்னை அழைத்துப்போக வந்திருக்கிறார் என்று பையை எடுத்துக்கொண்டு ஏறப் போனேன். அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"தம்பி, ஒங்க அக்கா வர வேணாம்னு சொல்லச் சொல்லிச்சு. சொல்லிட்டேன். என்னையக் கோவிச்சுக்காதீங்க" என்றார்.

இரண்டு டீ சொன்னார். இரண்டு பேரும் குடிக்கவில்லை. பதினொரு மணிவரை அங்கேயே நின்றிருந்தேன். ஊர் ஐந்து கிலோமீட்டர்தான், நடந்தேகூட வந்திருக்கலாம். கும்பகோணம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மச்சான் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் நான் வெளி வராண்டாவில்தான் இருந்தேன். நீ என்னைத் தாண்டித் தாண்டிப் போனாய். தெரிந்துதான் போகிறாய் என்று எனக்கும் தெரிந்தது. சிகரெட்டை விடட்டும் என்று நான் கையால் செய்து கொடுத்த மரப்பெட்டி அவர் பையில் வெடித்தது. அதை நான் எப்படி மறுப்பேன்? நீ என்னைத் திட்ட வேண்டும். வாய்க்கு வந்தபடி திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே அக்கா.

செந்தில்

பின்குறிப்பு: கோடிப் புடவையைப் பார்சலில் அனுப்புகிறேன். அரக்கு நிறம். ஷோபனா நன்றாகப் படிக்கிறாளா?


வடக்குவெளி
22 ஜனவரி 2025

செந்தில்குமாருக்கு ஆனந்தவல்லி எழுதுவது,

புடவை வந்தது. வந்த பார்சலிலேயே போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பதினாறாம் நாள் ஈரத்தலையோடு மணையில் உட்கார்ந்திருந்தேன். "பொறந்த வூட்டுக் கோடி எங்க?" என்று அவருடைய பெரியம்மா சுற்றும் முற்றும் பார்த்துக் கேட்டது. "எனக்குப் பொறந்த வூடு கெடையாது" என்றேன். நீ வாசலில் வந்து நின்றிருந்தால் நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். அழுதால் கோபம் போய்விடும். அதற்குப் பயந்துதான் வரவேண்டாம் என்றேன். போனை எடுக்காததும் அதனால்தான். எனக்கு இப்போது நிற்பதற்கு அந்தக் கோபம்தான் இருக்கிறது.

என்ன நடந்தது என்று நீ மற்றவர்களைக் கேட்டிருப்பாய். நானே சொல்கிறேன். மூன்று நாள் மழை. சம்பா கழுத்தளவு தண்ணீரில் நின்றது. வடிய வைக்க வரப்பை வெட்டிவிடப் போனார். கைலியைத் தூக்கிக் கட்டியிருந்தார், உள்ளே டவுசர் பையில் உன் பெட்டி. குனிந்து மண்வெட்டி போட்டுக்கொண்டிருந்தவர் "ஏய்" என்று கத்தினாராம். அடுத்த வயலில் இருந்த தாவூது அண்ணன் பட்டாசுச் சத்தம் என்று நினைத்திருக்கிறார். இவர் ஓடிப்போய் வாய்க்காலில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீருக்குள்ளே இருந்தும் புகை வந்ததாம். தொடையில் எலும்பு தெரிந்தது. சர்க்கரை உடம்பு. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து கேட்டார். செல்போன் வெடித்துவிட்டது என்று சொன்னேன். விற்கவே கூடாது என்று சட்டம் இருக்கிற சாமான், அதைச் செய்து கொடுத்தவன் என்று உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே. சொல்லச் சொன்னது அவர்தான். "செல்லுன்னே சொல்லு வல்லி. மாப்ள பாவம்" என்றார். அவருக்கு உன்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. அவருக்கும் சேர்த்து எனக்கு இருக்கிறது.

ஷோபனா ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று பெயர். புத்தகம் மடியில் இருக்கிறது. பக்கம் திரும்புவதில்லை. என்னோடும் பேச்சில்லை. சாயங்காலம் நான் அங்கன்வாடியிலிருந்து வந்தால் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

இனி எழுதாதே.

ஆனந்தவல்லி


ஓசூர்
2 பிப்ரவரி 2025

அக்கா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். அந்தப் பெட்டியை நான் விளையாட்டாகச் செய்யவில்லை என்று உனக்குத் தெரிய வேண்டும்.

போன ஆடியில் மச்சானின் நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நீ என்னிடம் என்ன சொன்னாய்? "நான் சொல்லி அலுத்துட்டேன்டா. ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட். நீயாச்சும் எதாவது பண்ணேன்." அன்றைக்குத்தான் தீர்மானம் செய்தேன். எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர் ஒருவர் ஆவி இழுக்கிற மின் சிகரெட் ஒன்றை வைத்து, ஆறு மாதத்தில் சிகரெட்டை மறந்திருந்தார். கடையில் வாங்க முடியாது. அதனால் நானே செய்வது என்று இறங்கினேன்.

மரம் எங்கே எடுத்தேன் தெரியுமா? கஜா புயலில் உன் கொல்லையில் சாய்ந்த பூவரசு. மச்சானே ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தார். கைக்குள் அடங்குகிற அளவு. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழி. ஒன்றில் பேட்டரி, இன்னொன்றில் அமுக்கினால் அமுங்குகிற சின்ன பாட்டில். பாட்டிலை விரலால் அமுக்கினால் அடியிலிருந்து குழாய் வழியாக மருந்து மேலே ஏறிப் பஞ்சை நனைக்கும். பித்தானைத் தட்டினால் பஞ்சுக்குள் இருக்கிற கம்பி சூடேறும், ஆவி வரும். கரி கிடையாது, சாம்பல் கிடையாது. மருந்தில் நிகோட்டினை மாதாமாதம் குறைத்துக்கொண்டே வந்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவதாகத் திட்டம்.

குழி எடுக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதல் கட்டை பிளந்துபோனது. இரண்டாவதில் சுவர் மெலிந்துவிட்டது. மூன்றாவதுதான் மச்சானுக்கு வந்தது. உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தேய்த்து, விளிம்பையெல்லாம் உருட்டினேன். பேட்டரி சூடானால் காற்று வெளியேற அடியில் துளை வைத்தேன். ஃப்யூஸ் வைத்தேன். உள்ளே எங்கேயாவது கோளாறு வந்தால் ஃப்யூஸ் போய்விடும், பேட்டரி தப்பித்துவிடும்.

தீபாவளியன்று அவர் கையில் கொடுத்தேன். நீயும் பக்கத்தில்தான் நின்றாய். பாட்டிலை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்னா மாப்ள, இது சின்ன போர்செட்டுல்ல! அடியிலேர்ந்துல்ல தண்ணி ஏறுது" என்று சிரித்தார். அன்றைக்கே பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து எருக்குழியில் போட்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு சிகரெட்டைத் தொடவில்லை அக்கா. ஒரு நாள்விட்டு ஒரு நாள் எனக்கு போன் போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்வார்.

இவ்வளவும் செய்துதான் இப்படி ஆகிவிட்டது. ஏன் வெடித்தது என்று யோசித்து யோசித்து எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

செந்தில்


வடக்குவெளி
16 பிப்ரவரி 2025

செந்தில்,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். எருக்குழியில் பாக்கெட்டைப் போட்டது எனக்கு மறந்திருந்தது. நீ எழுதிய பிறகு அந்தக் கை ஓங்கினதுகூட ஞாபகம் வருகிறது.

அறுவடை போன வாரம் முடிந்தது. தாவூது அண்ணன்தான் மிஷினைக் கொண்டுவந்து நிறுத்தி, கொள்முதல் நிலையத்தில் மூட்டையைப் போடுகிறவரைக்கும் கூடவே இருந்தார். எல்லாம் முடிந்து தூற்றிக் கூட்டிய அன்று டிராக்டர் பெட்டியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துக் கொடுத்தார்.

"வாய்க்கா ஓரமா கெடந்துச்சும்மா. அன்னைக்கே எடுத்து வச்சேன். குடுக்குறதா வேணாமான்னு இவ்வளவு நாளா யோசன" என்றார்.

உன் பெட்டி. ஒரு பக்கம் முழுக்கக் கரி. பேட்டரி இருந்த குழி பிளந்து வாய் திறந்து கிடக்கிறது. பாட்டில் உருகி ஒட்டியிருக்கிறது. இன்னொரு பக்கம் மட்டும் நீ எண்ணெய் தேய்த்த மினுமினுப்போடு அப்படியே இருக்கிறது. ரொம்ப நேரம் தொடவில்லை. பிறகு நீ எழுதியிருந்தாயே ஃப்யூஸ் என்று, அதைத் தேடிப் பார்த்தேன். மோட்டார் ஷெட்டில் இருபது வருஷமாக ஸ்டார்ட்டரைப் பார்க்கிறவள் நான். ஃப்யூஸ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பித்தளைக் காது இருக்கிறது. நடுவில் ஃப்யூஸ் இல்லை. காதுக்குக் காது காப்பர் கம்பி சுற்றியிருக்கிறது. நாலு சுற்று. இறுக்கி, முனையை மடக்கி, அழகாகச் சுற்றியிருக்கிறது.

இது நீ வைத்ததா? ஃப்யூஸ் வைத்தேன் என்று எனக்குப் பொய் எழுதினாயா? இல்லை என்றால் யார் வைத்தது?

இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

ஆனந்தவல்லி


ஓசூர்
24 பிப்ரவரி 2025

அக்கா,

நான் ஃப்யூஸ்தான் வைத்தேன். உன்மேல் சத்தியம். அந்தக் கம்பியை நான் சுற்றவில்லை.

ஃப்யூஸ் போயிருக்கும். மச்சானைப் பற்றி உனக்குத் தெரியாததா? மோட்டார் ஷெட்டில் எத்தனை தடவை ஃப்யூஸ் போய், எத்தனை தடவை கம்பியைச் சுற்றிவிட்டு மோட்டாரை ஓட்டியிருக்கிறார்! நீயே சத்தம் போட்டிருக்கிறாய். அந்தப் பழக்கத்தில் செய்திருப்பார். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

செந்தில்


வடக்குவெளி
10 மார்ச் 2025

தம்பி,

மூன்று மாதத்துக்குப் பிறகு இப்படிக் கூப்பிட்டு எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆங்காரம். படத்துக்கு முன்னால் போய் நின்று, "ஏன்யா, வெவரம் தெரிஞ்ச பய ஒண்ணு வச்சிக் குடுத்தா அப்படியே வச்சிக்க மாட்டியா? ஊர்ல எல்லாத்துக்கும் கம்பியச் சுத்துவியா? எங்களுக்கும் சேத்துல்ல சுத்திட்டுப் போயிட்ட" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். மூன்று மாதமாக உன்னைப் போட்டு வதைத்துக்கொண்டிருந்தேனே என்று அதற்கப்புறம்தான் அழுதேன். நீ வராண்டாவில் உட்கார்ந்திருந்த ஒன்பது நாளும் கண்ணில் வந்தது. உனக்கு ஒரு இட்லிகூட வாங்கிக் கொடுக்கவில்லை நான்.

படத்துக்கு விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டேன். தப்புத்தான். மனசு வரவில்லை. மூன்று ஏக்கர் குத்தகை நிலத்தையும் ஒரு பெண் பிள்ளையையும் என்னிடம் விட்டுவிட்டு, நாலு சுற்றுக் கம்பியில் போய்விட்டார். வியாதியில் போயிருந்தால் பொறுத்துக்கொள்வேன். அடுத்தவன் கையால் போயிருந்தால் அவனைத் திட்டிக்கொண்டு கிடப்பேன். தன் கையாலேயே போனவரை என்ன செய்வது?

ஷோபனாவிடமும் சொன்னேன். சோற்றில் கை வைத்திருந்தாள். "ஒங்க மாமா ஒழுங்காத்தான்டி செஞ்சு குடுத்துருக்கான். கம்பிய நான் சுத்தலன்னு சத்தியம் பண்ணி எழுதியிருக்கான். ஒங்கப்பா செஞ்ச வேல" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா அப்படியா எழுதிருக்காங்க?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதோடு சரியான சாப்பாடு இல்லை. அப்பாவைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கோபம்போலிருக்கிறது. போன வியாழக்கிழமை பரீட்சைக்குக் கிளம்பிப் போனவள் குடவாசல் பள்ளிக்கூட வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். கேட்டால் தலை சுற்றுகிறது என்கிறாள். டாக்டரிடம் காட்டினேன். ரத்தம் குறைவாக இருக்கிறதாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்.

நீ ஒரு நடை வந்து போ. அவளுக்கு உன்மேல் சின்ன வயதிலிருந்தே பிரியம். நீ சொன்னால் சாப்பிடுவாள், மிச்சப் பரீட்சையாவது எழுதுவாள். அந்தப் புடவையை வைத்திருந்தால் எடுத்து வா. நாள் கடந்து போனாலும் பரவாயில்லை, கட்டிக்கொள்கிறேன். பெரியம்மா கேட்டால் பொறந்த வீடு இருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன்.

அன்புடன்
அக்கா


ஓசூர்
19 மார்ச் 2025

அக்கா,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. லீவ் சொல்லிவிட்டேன். பையில் புடவையை எடுத்து வைத்துவிட்டேன். நேற்று பஸ் ஸ்டாண்டுவரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். இதை எழுதாமல் உன் வீட்டு வாசலில் கால் வைக்க என்னால் முடியாது.

மச்சான் மேல் நான் பழி போட்டேன். கம்பி சுற்றச் சொன்னது நான்.

டிசம்பர் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் போன் பண்ணினார். "மாப்ள, பெட்டி செத்துப்போச்சு. பித்தான அமுக்குனா ஒண்ணையும் காணும்" என்றார். திறந்து பார்க்கச் சொன்னேன். ஃப்யூஸ் கறுத்திருக்கிறது என்றார். அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டியது, பெட்டியைத் தொடாதீர்கள் என்று. ஃப்யூஸ் சும்மா போகாது. உள்ளே சுடுகிற கம்பி எங்கேயோ உரசுகிறது, அதனால்தான் போனது. அது எனக்குத் தெரியும். என் வேலையே அதுதான், நாள் முழுக்க ஸ்கூட்டர் பேட்டரியைப் பரிசோதிக்கிறவன் நான்.

சொன்னேன், சொல்லாமல் இல்லை. "பொங்கலுக்கு வர்றேன் மச்சான், அது வரைக்கும் வச்சிடுங்க" என்றேன். அதற்கு அவர், "அவ்வளவு நாள் தாங்க மாட்டேன் மாப்ள. இப்பவே நாக்கு நமநமங்குது. முப்பத்தெட்டு நாள் ஓட்டிட்டேன். இது இல்லேன்னா சாயங்காலம் கடைக்குப் போயிருவேன்" என்றார். முப்பத்தெட்டு என்று அவர் சொன்னதில் எனக்கு ஒரு பெருமை அக்கா. நான் செய்த பெட்டி, முப்பத்தெட்டு நாள். அது கெட்டுவிடக் கூடாது என்று நினைத்துவிட்டேன். "சரி, காப்பர் கம்பி ஒரு இழை சுத்திக்குங்க. நான் வந்து மாத்தித் தர்றேன்" என்றேன். பையில் போடாதீர்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அதற்குள் இங்கே ஒருவன் கூப்பிட்டான், வைத்துவிட்டேன். நாலு நாளில் அது வெடித்தது.

நீ கம்பியைக் கண்டுபிடித்து எழுதியபோது அரை மணி நேரத்தில் பதில் எழுதினேன். நான் சுற்றவில்லை என்று சத்தியம் பண்ணினேன். கை என்னுடையது இல்லை, அது உண்மைதான். அந்த உண்மையை வைத்து உன்னை ஏமாற்றினேன். செத்துப்போனவர் வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை என்ற தைரியம். நீ தம்பி என்று எழுதிய அந்த ஒரு வார்த்தைக்காக இதை வாழ்நாள் முழுக்க மறைத்துவிடலாம் என்றுகூட ஐந்து நாளாகப் பார்த்தேன். ஆனால் நீ விளக்கை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய். ஷோபனா சாப்பிடவில்லை என்கிறாய். அவள் அப்பாவைப் பற்றி அவளுக்குத் தப்பாகச் சொல்ல வைத்தவன் நான்.

விளக்கை ஏற்று அக்கா. அவர் யார் பேச்சையும் கேட்காமல் செய்யவில்லை. என் பேச்சைக் கேட்டுத்தான் செய்தார்.

போலீசில் சொல்வதானாலும் சொல். நான் இங்கேதான் இருப்பேன்.

செந்தில்


வடக்குவெளி
27 மார்ச் 2025

செந்தில்,

திங்கட்கிழமை தபால் வந்தபோது நான் அங்கன்வாடியில் இருந்தேன். ஷோபனா வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாள். நின்றபடியே படித்தேன். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். உன்னை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் தடவை வந்த கோபத்தை உன்னிடமிருந்து எடுத்து அவர்மேல் போட்டேன். இப்போது மறுபடியும் உன்மேல் போட என்னிடம் தெம்பு இல்லை. விளக்கை ஏற்றினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு ஷோபனாவைக் கூப்பிட்டேன். அப்பாவைப் பற்றி நான் சொன்னது தப்பு என்று அவளுக்குத் தெரிய வேண்டும் இல்லையா? உட்கார வைத்து உன் கடிதம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கம்பி ஒரு இழை சுற்றச் சொன்னாய் என்ற இடம் வந்ததும், "திரும்பப் படிம்மா" என்றாள். படித்தேன். இன்னொரு தரம் என்றாள். படித்தேன்.

"அம்மா, அந்தக் கம்பிய நான்தாம்மா சுத்துனேன்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் அவளே சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். உன்னிடம் பேசிவிட்டு அவர் இவளைக் கூப்பிட்டிருக்கிறார். கண்ணாடியைப் போட்டாலும் அவருக்கு அவ்வளவு பொடி வேலை தெரியாது. "ஒங்க மாமா கம்பி சுத்தச் சொல்றான். ஒன் கை சின்னக் கை, போட்டுவுடு" என்றாராம். பழைய ஹெட்போன் வயரைப் பல்லால் கடித்து உரித்து, உள்ளே இருந்த கம்பியை எடுத்து இவள் சுற்றியிருக்கிறாள். பித்தானை அமுக்கினதும் ஆவி வந்திருக்கிறது. "எம்மவ இன்ஜினியர் ஆயிட்டாடோய்" என்று தலையில் கை வைத்துச் சிரித்தாராம்.

பெட்டி வெடித்து அவர் கிடந்த நாளிலிருந்து இவள் இதை மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாள். மாமா வந்தால் மாமாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள். நான் உன்னை வரவிடவில்லை. அதற்கப்புறம் நீ சத்தியம் பண்ணி எழுதினாய். "மாமாவே இல்லேன்னுட்டாங்க. அப்ப அப்பா தானா நெனச்சு சொல்லிருக்காரு, நான்தான செஞ்சேன்னு இருந்தேம்மா" என்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

இன்னும் முடியவில்லை. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ ஒரு இழை என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். இவளுக்கு அது தெரியாது, அப்பா கம்பி என்றுதான் சொன்னார். முதலில் ஒரு இழைதான் சுற்றியிருக்கிறாள். நிற்காமல் அந்துபோயிற்றாம். அதனால் நாலாகச் சுற்றி, நன்றாக இறுக்கி முறுக்கிவிட்டிருக்கிறாள். அப்பாவுக்கு மறுபடியும் கெட்டுப்போகக் கூடாதே என்று. உன் கடிதத்தைக் கேட்டதிலிருந்து என்னிடம் ஒரே கேள்விதான் கேட்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் அதுதான், தலை வாரிவிட்டாலும் அதுதான்.

"ஒரு இழையா இருந்தா அது எரிஞ்சு போயிருக்கும்லம்மா? ஃப்யூஸ் மாதிரி? அப்ப அப்பாவுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?"

எனக்கு இதற்குப் பதில் தெரியாது. உனக்குத் தெரியும். எனக்கு எழுதாதே, நான் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ போனிலேயே அவளிடம் பேசிவிடுவாய். போனில் பேசினது போதும். அவள் எதிரில் வந்து உட்கார். அவள் கேட்பாள். அவளைப் பார்த்துப் பதில் சொல். பொய் சொல் என்று நான் கேட்கவில்லை. பொய் இந்த வீட்டில் என்ன செய்தது என்று பார்த்துவிட்டேன். உண்மையைச் சொல் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்குப் பதினேழு வயது. ஓசூரிலிருந்து இங்கே வர ஒரு ராத்திரிப் பயணம் இருக்கிறது. யோசித்துக்கொண்டு வா.

புடவை எடுத்து வர வேண்டாம். நீ மட்டும் வா. தாவூது அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், ரம்ஜானாகவே இருந்தாலும் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பார்.

ஆனந்தவல்லி